வாக்காளராகப் பதிவது எங்கே: வீட்டு முகவரியிலா, கல்லூரி முகவரியிலா?

பெற்றோர் வீடு டெக்சாஸின் ஃபிரிஸ்கோவில். படிப்பது மிச்சிகனின் ஆன் ஆர்பரில். பதினெட்டு வயது நிறைந்துவிட்டது, கையில் அமெரிக்க பாஸ்போர்ட் இருக்கிறது. நவம்பரில் ஓட்டு எந்த ஊரில்? வெளிமாநிலத்தில் படிக்கும் பிள்ளைகள் உள்ள தமிழ் வீடுகளில் செப்டம்பர் வந்தால் இந்தக் கேள்வி வந்துவிடும். பெரும்பாலும் "எதுக்கு வம்பு, வீட்டு அட்ரஸே இருக்கட்டும்" என்று முடித்துவிடுவார்கள். பல நேரம் அது தவறான முடிவு. சில நேரம் மிகச் சரியான முடிவு.

சட்டப்படி இரண்டு முகவரியும் செல்லும். 1971இல் 26ஆவது அரசியல் சாசனத் திருத்தம் ஓட்டு வயதைப் பதினெட்டாகக் குறைத்தது. அதன் பிறகும் பல கல்லூரி ஊர்கள் மாணவர்களைப் பட்டியலில் சேர்க்க மனமில்லாமல் இருந்தன. டெக்சாஸின் வாலர் கவுன்டியில் (கவுன்டி என்பது நம்மூர் மாவட்டம் போன்றது), பெரும்பாலும் கறுப்பின மாணவர்கள் படிக்கும் ப்ரெய்ரி வியூ ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்துப் பிள்ளைகளிடம் பதிவு அதிகாரி ஒரு கேள்வித்தாளை நீட்டினார்: இங்கே சொத்து இருக்கிறதா, படிப்பு முடிந்தபின் என்ன செய்வதாக உத்தேசம் என்றெல்லாம். அதை எதிர்த்த வழக்கு 1979இல் உச்ச நீதிமன்றத்தில் மாணவர்களுக்குச் சாதகமாக முடிந்தது. படிக்கும் ஊரில் வசிப்பவர், அதை இப்போதைய வீடாகக் கருதினால், அங்கே பதியலாம். படிக்கப் போனதாலேயே பெற்றோர் வீட்டு முகவரியும் அற்றுப்போவதில்லை. ஆனால் ஓட்டு ஒன்றுதான். ஒரே கூட்டாட்சித் தேர்தலில் இரண்டு இடத்தில் போட்டால் ஐந்து ஆண்டு வரை சிறை, 10,000 டாலர் வரை அபராதம்.

இந்தியாவில் போல ஒரே தேர்தல் ஆணையம் நாடு முழுக்கத் தேர்தல் நடத்தும் வழக்கம் இங்கே இல்லை. ஐம்பது மாநிலத்துக்கும் தனித்தனி விதிகள். அவற்றை நடத்துவது கவுன்டி அலுவலகமோ, நகரத்தின் தேர்தல் அதிகாரியான நகர கிளார்க்கோ. அதனால் இந்த ஒப்பீட்டைப் பொதுவாகச் செய்தால் பயனில்லை. ஃபிரிஸ்கோ, ஆன் ஆர்பர் என்ற இரண்டு ஊரையே எடுத்துக்கொண்டு பார்க்கலாம். உங்கள் ஊர்கள் வேறாக இருந்தால் இதே கேள்விகளை அங்கே கேளுங்கள்.

முதலில், யார் பதியவே கூடாது

எஃப்-1, எச்-4 விசாவில் இருப்பவர்களும் கிரீன் கார்டு வைத்திருப்பவர்களும் இந்தக் கட்டுரையின் மற்ற பகுதிகளைத் தாண்டிவிடலாம். குடியுரிமை இல்லாதவர் கூட்டாட்சித் தேர்தலில் ஓட்டுப் போடுவது குற்றம். தண்டனையைவிடப் பெரிய சேதம் குடியேற்றக் கோப்பில் நேரும். குடிமகன் என்று பொய்யாகச் சொன்னதாகப் பதிவானால் நாடு கடத்தல் வரை போகலாம். பின்னால் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும்போது, எப்போதாவது வாக்காளராகப் பதிந்தீர்களா, ஓட்டுப் போட்டீர்களா என்று படிவத்திலேயே கேட்பார்கள். தெரியாமல் நேர்வது பெரும்பாலும் இரண்டு இடங்களில்: டிரைவிங் லைசென்ஸ் கவுன்டரில், 1993ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஊழியர் வழக்கமாகக் கேட்கும் "வாக்காளராகவும் பதியட்டுமா?" என்ற கேள்விக்கு யோசிக்காமல் தலையாட்டும்போது; வளாகத்தில் கிளிப்போர்டோடு நிற்கும் தன்னார்வலரிடம் கையெழுத்துப் போடும்போது. அந்தத் தன்னார்வலர் உங்கள் விசாவைப் பற்றிக் கேட்கமாட்டார்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. கிரீன் கார்டோடு இங்கே பெற்றோருடன் வளர்ந்த பிள்ளைக்குப் பதினெட்டு ஆவதற்குள் அப்பாவோ அம்மாவோ குடியுரிமை பெற்றிருந்தால், பிள்ளையும் தானாகவே குடிமகன் ஆகியிருக்கும். தனிச் சான்றிதழ் வாங்காததால் "நான் இன்னும் கிரீன் கார்டுதான்" என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் இருக்கிறார்கள். பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்து வாங்கிவிட்டால் சந்தேகம் தீர்ந்தது.

ஃபிரிஸ்கோ முகவரியை வைத்துக்கொண்டால்

டெக்சாஸில் புதிதாகப் பதிய முழுமையான இணையவழி கிடையாது. படிவத்தைக் கணினியில் நிரப்பலாம். ஆனால் அச்சிட்டு, பேனாவால் கையெழுத்திட்டு, கவுன்டி பதிவாளருக்கு அனுப்ப வேண்டும். தேர்தலுக்கு 30 நாள் முன்பே பதிவு முடிந்துவிடும். 2026 நவம்பர் 3 தேர்தலென்றால் அக்டோபர் முதல் வாரத்தின் தொடக்கத்திலேயே கதவு சாத்தப்படும். பதினேழு வயது பத்து மாதத்திலேயே விண்ணப்பிக்கலாம் என்பதால், பள்ளி முடித்த கோடையிலேயே இதை முடித்துவிடுவது நல்லது.

டெக்சாஸில் தபால் ஓட்டு கேட்டவர்க்கெல்லாம் கிடைக்காது, காரணம் வேண்டும். கவுன்டிக்கு வெளியே இருப்பது செல்லும் காரணம், படிப்புக்காகப் போயிருப்பது அதில் அடங்கும். ஆனால் வாக்குச்சீட்டு கவுன்டிக்கு வெளியிலுள்ள முகவரிக்குத்தான் அனுப்பப்படும். ஃபிரிஸ்கோக்காரர்கள் கவனிக்க ஒன்று: இந்த ஊர் காலின், டென்டன் என்று இரண்டு கவுன்டியில் பரவிக் கிடக்கிறது. தெருவுக்குத் தெரு கவுன்டி மாறும். விண்ணப்பம் போக வேண்டியது மெக்கின்னியில் உள்ள அலுவலகத்துக்கா, டென்டனில் உள்ளதற்கா என்பதை வாக்காளர் அட்டையைப் பார்த்து உறுதிசெய்யுங்கள். அடுத்த வீட்டுப் பையன் அனுப்பிய முகவரிக்கே அனுப்பாதீர்கள்.

விண்ணப்பம் தேர்தலுக்குப் பதினோரு நாள் முன்பு அலுவலகத்தின் கைக்கு வந்திருக்க வேண்டும். அன்று தபாலில் போட்டால் போதாது. ஸ்கேன் செய்து மின்னஞ்சலில் அனுப்பினாலும் மூலத்தாளும் நான்கு வேலை நாளுக்குள் போய்ச் சேர வேண்டும். ஒரு விண்ணப்பம் ஒரு தேர்தலுக்குத்தான். ஆண்டு முழுவதற்கும் ஒரே விண்ணப்பம் என்ற வசதி 65 வயதைக் கடந்தவர்களுக்கும் உடல் இயலாமை உள்ளவர்களுக்கும் மட்டும். ஆகவே கட்சிகள் தங்கள் வேட்பாளரைத் தேர்வுசெய்யும் மார்ச் பிரைமரிக்கு ஒன்று, நவம்பருக்கு ஒன்று. பிரைமரியில் யாருக்கும் பெரும்பான்மை இல்லாமல் மறுசுற்று வந்தால் அதற்கான சீட்டையும் பிரைமரி விண்ணப்பத்திலேயே சேர்த்துக் கேட்டுவிடலாம்.

டெக்சாஸ் தபால் ஓட்டு அதிகம் சறுக்குவது அடையாள எண்ணில். 2021இல் வந்த சட்டப்படி விண்ணப்பத்திலும், திருப்பி அனுப்பும் உறையின் மடிப்புக்குள்ளும், லைசென்ஸ் எண்ணையோ சோஷியல் செக்யூரிட்டி எண்ணின் கடைசி நான்கு இலக்கத்தையோ எழுத வேண்டும். எழுதுவது பதிவேட்டில் உள்ள எண்ணோடு பொருந்த வேண்டும். சிலரது பதிவில் ஒரு எண்தான் இருக்கும். அவர் மற்றதை எழுதினால் நிராகரிப்பு. மடிப்புக்குள் அப்படி ஒரு கட்டம் இருப்பதைப் பார்க்காமலே ஒட்டிவிடுபவர்களும் உண்டு. 2022 மார்ச் பிரைமரியில் 24,000-க்கும் மேற்பட்ட தபால் ஓட்டுகள், அதாவது எட்டில் ஒன்று அளவுக்கு, தள்ளுபடியானதற்கு இந்த எண் விவகாரமே முக்கியக் காரணம். பரிகாரம் எளிது: இரண்டு எண்ணையும் எழுதிவிடுங்கள்.

பிறகு தபால். டெக்சாஸிலிருந்து விடுதிக்கு வந்து, விடுதி மேசையில் கிடந்து, உங்கள் கைக்கு வந்து, திரும்பிப் போக வேண்டும். கடைசி நாளுக்கு ஒரு வாரம் முன்பாவது அனுப்பச் சொல்கிறது அமெரிக்கத் தபால் துறை. தபால் முத்திரை தேதி போதும் என்று சில மாநிலங்கள் சலுகை தருவதுண்டு. அதை நம்பாமல், தேர்தல் நாளுக்குள் சீட்டு போய்ச் சேர்ந்தாக வேண்டும் என்றே கணக்கு வையுங்கள். அறையில் ஒரு ஸ்டாம்பாவது இருக்கட்டும். இந்தத் தலைமுறைக்கு அதுவே ஒரு தடை.

இவ்வளவு தொல்லைக்குப் பிறகும் வீட்டு முகவரியில் நியாயம் இருக்கிறது. ஃபிரிஸ்கோ நகர சபைக்கும் பள்ளி வாரியத்துக்கும் தேர்தல் மே மாதத்தின் முதல் சனிக்கிழமை. ஆன் ஆர்பரில் குளிர்காலப் பருவம் ஏப்ரல் இறுதியை ஒட்டி முடிந்துவிடும். பிள்ளை அப்போது வீட்டில்தான் இருக்கும், நடந்து போய் ஓட்டுப் போடலாம். தம்பி தங்கை படிக்கும் பள்ளியையும், அப்பா கட்டும் சொத்து வரியில் பெரும்பங்கு எடுத்துக்கொள்ளும் பள்ளி நிர்வாகத்தையும் தீர்மானிக்கும் தேர்தல் அது. சில ஆயிரம் பேர் ஓட்டில் முடிவாகிற இடம்.

ஆன் ஆர்பர் முகவரிக்கு மாற்றினால்

மிச்சிகனில் வழி அகலம். 2018, 2022 என இரண்டு முறை மக்களே வாக்களித்து அரசியல் சாசனத்தைத் திருத்தி எழுதிக்கொண்டார்கள். காரணம் கேட்காமல் தபால் ஓட்டு, கூட்டாட்சி, மாநிலத் தேர்தல்களுக்கு முன்னால் ஒன்பது நாள் நேரடி ஓட்டு, திருப்பி அனுப்பும் உறைக்கு அரசே தபால் செலவு. பதிவுக்கு 15 நாள் கெடு தாண்டினாலும், தேர்தல் நாள் இரவு எட்டு மணி வரை நகர கிளார்க் அலுவலகத்துக்கு வசிப்பிடச் சான்றோடு நேரில் போய்ப் பதிந்து அங்கேயே ஓட்டும் போடலாம். ஆன் ஆர்பர் நகர கிளார்க் கடந்த சில தேர்தல்களில் பல்கலைக்கழகக் கலை அருங்காட்சியகத்துக்குள்ளேயே கிளை அலுவலகம் திறந்தார். கடைசி நாளில் மட்டும் போகாதீர்கள்: 2022இல் அங்கே வரிசை மணிக்கணக்கில் நின்றது.

அடையாளத்துக்கு மாணவர் அட்டையே போதும். அதுவும் இல்லையென்றால் உறுதிமொழியில் கையெழுத்திட்டு ஓட்டுப் போடலாம். டெக்சாஸில் மாணவர் அட்டை செல்லாது, துப்பாக்கி உரிமம் செல்லும். மிச்சிகன் பிள்ளை ஆஸ்டினில் படித்தால் இந்தக் கணக்கு அப்படியே தலைகீழாகும்.

பதிவுப் படிவத்தில் தடுமாறும் இடம் முகவரிக் கட்டம். கூட்டாட்சிப் படிவத்தில் இரண்டாம் கட்டம் வசிக்கும் முகவரி. மூன்றாம் கட்டம் தபால் வரும் முகவரி. இரண்டாவதில் விடுதிக் கட்டடத்தின் தெரு எண்ணையும் அறை எண்ணையும் எழுத வேண்டும். தபால் பெட்டி எண்ணை எழுதினால், நீங்கள் எந்த வார்டு என்று கண்டுபிடிக்க முடியாமல் படிவம் திரும்பும். முந்தைய பதிவு எங்கே என்று கேட்கும் இடத்தில் டெக்சாஸ் முகவரியைக் கட்டாயம் எழுதுங்கள். அதோடு பழைய கவுன்டிக்கு ஒரு வரி எழுதிப் பெயரை நீக்கச் சொல்லிவிட்டால் சுத்தம். இரண்டு பட்டியலில் பெயர் கிடப்பதே குற்றமல்ல, ஆனாலும் பின்னால் வீண் கடிதப் போக்குவரத்துக்கு இடம் வைப்பானேன்.

இந்த வழியின் உண்மையான பலவீனம் அறை மாற்றம். முதலாண்டு விடுதி, இரண்டாமாண்டு வாடகை வீடு, மூன்றாமாண்டு இன்னொரு வீடு. ஒவ்வொரு முறையும் முகவரி திருத்த வேண்டும். திருத்தாவிட்டால் கிளார்க் அனுப்பும் கடிதம் திரும்பி வரும். பிறகு வரும் அறிவிப்புக்கும் பதில் தராமல், அடுத்த இரண்டு கூட்டாட்சிப் பொதுத் தேர்தலில் ஓட்டும் போடாதிருந்தால் பெயர் நீங்கும். இன்னொன்று, மிச்சிகன் லைசென்ஸ் வைத்திருப்பவருக்கு லைசென்ஸ் முகவரியும் வாக்காளர் முகவரியும் ஒன்றாகவே இருக்க வேண்டும். ஒன்றை மாற்றினால் மற்றதும் மாறும். டெட்ராய்ட் புறநகரிலிருந்து வந்து படிப்பவர்கள் இதைத் தெரிந்தே செய்ய வேண்டும்.

எடை எங்கே அதிகம்

எல்லோரும் முதலில் பேசுவது அதிபர் தேர்தலைத்தான். அதிபரை முறைப்படி தேர்ந்தெடுக்கும் தேர்வாளர்கள் டெக்சாஸுக்கு 40 பேர், மிச்சிகனுக்கு 15. இரண்டிலும் வென்றவர்க்கே எல்லாம். 2024இல் டெக்சாஸில் வித்தியாசம் 15 லட்சத்துக்கும் மேல், மிச்சிகனில் ஏறக்குறைய 80,000. 2016இல் மிச்சிகன் முடிவானது 10,704 ஓட்டில். இந்தக் கணக்கில் ஆன் ஆர்பர் தெளிவாக முன்னால். ஆனால் 2026இல் அதிபர் தேர்தல் இல்லை. இரண்டு மாநிலமும் ஆளுநரையும் ஒரு செனட்டரையும் தேர்ந்தெடுக்கின்றன. இங்கே ஆளுநர் என்பவர் டெல்லி அனுப்பிவைக்கும் ஆள் போன்றவர் அல்ல, மாநிலத்தின் நிர்வாகத் தலைவரே அவர்தான்.

மாணவருக்கு அதைவிட நெருக்கமான பதவி ஒன்று வாக்குச்சீட்டின் கீழ்ப்பகுதியில் இருக்கிறது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தை நிர்வகிக்கும் ரீஜென்ட்கள் குழுவில் எட்டுப் பேர். எட்டாண்டுப் பதவி, இரண்டாண்டுக்கு ஒருமுறை இரண்டு இடத்துக்கு மாநிலம் முழுக்கத் தேர்தல். உங்கள் கல்விக் கட்டணத்தை நிர்ணயிப்பதும் பல்கலைக்கழகத் தலைவரை நியமிப்பதும் இவர்கள்தான். டெக்சாஸ் பல்கலைக்கழக அமைப்பின் ரீஜென்ட்களையோ ஆளுநர் நியமிக்கிறார். கட்டணம் கட்டும் மாணவர் கட்டணம் வைப்பவரைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு மிச்சிகன், நெப்ராஸ்கா, நெவாடா, கொலராடோ போன்ற சில மாநிலங்களில்தான் உண்டு. அதைப் பயன்படுத்தாமல் விடுவது, என் கருத்தில், வீண்.

நகர சபையும் லேசானதல்ல. அடுத்த ஆண்டுக்கான வாடகை ஒப்பந்தத்தை வீட்டுக்காரர் எவ்வளவு முன்கூட்டியே மாணவர் தலையில் கட்டலாம் என்பதற்கு ஆன் ஆர்பர் நகர சபை சட்டமே போட்டிருக்கிறது. ஆனால் அந்தச் சபையின் இடங்கள் பெரும்பாலும் நவம்பரில் முடிவாவதில்லை. ஊரில் ஜனநாயகக் கட்சி மிகப் பலமானது என்பதால், ஆகஸ்ட் பிரைமரியில் அந்தக் கட்சிக்குள் வெல்பவரே உறுப்பினர். ஆகஸ்டில் மாணவர்கள் ஊரில் இல்லை! ஆன் ஆர்பரில் பதிந்த ஃபிரிஸ்கோ பிள்ளை ஜூன், ஜூலையிலேயே மிச்சிகன் தபால் ஓட்டை டெக்சாஸ் வீட்டு முகவரிக்கு வரவழைக்க வேண்டும். வாக்குச்சீட்டு 40 நாள் முன்பே கிடைக்கத் தொடங்கும் என்பதால் அவகாசம் தாராளம். திரும்பிப் போய்ச் சேர வேண்டியது தேர்தல் நாள் இரவு எட்டுக்குள்.

ஒரு ஓட்டால் என்ன ஆகும் என்பவர்களுக்கு: 2017இல் வர்ஜீனியா மாநிலப் பிரதிநிதிகள் அவையின் 94ஆவது தொகுதியில் இருவரும் ஆளுக்கு 11,608 ஓட்டு வாங்கினார்கள். 2018 ஜனவரியில் ஒரு கிண்ணத்திலிருந்து பெயர்ச் சீட்டு எடுத்து வெற்றியை அறிவித்தார்கள். அவையில் 51–49 என்ற பெரும்பான்மையே அந்தச் சீட்டில் தொங்கியது.

வீண் பயங்கள்

கல்லூரி ஊரில் பதிந்தால் கூட்டாட்சிக் கல்வி உதவி போய்விடாது. பெற்றோர் வரிக் கணக்கில் பிள்ளையைச் சார்ந்தவராகக் காட்டுவதும், 26 வயது வரை அவர்கள் மருத்துவக் காப்பீட்டில் இருப்பதும் அப்படியே தொடரும். உள்மாநிலக் கட்டணச் சலுகையும் இதனால் கிடைத்துவிடாது. அதற்கான விதிகள் வேறு. சொந்த மாநிலத்தவர்க்கே என்று தரப்படும் உதவித்தொகை ஏதேனும் வாங்கினால் மட்டும் அதன் நிபந்தனையைப் படித்துப் பாருங்கள். நியூ ஹாம்ப்ஷயரில் ஒரு நிஜமான விளைவு உண்டு: அங்கே பதிபவர் அந்த மாநிலவாசி ஆகிறார், வண்டி ஓட்டுபவரானால் 60 நாளுக்குள் அந்த மாநில லைசென்ஸ் எடுக்க வேண்டும். ஜூரி அழைப்புக்குப் பயப்பட வேண்டாம். பல மாநிலங்களில் லைசென்ஸ் பட்டியலிலிருந்தும் பெயர் எடுப்பதால் வாக்காளராகப் பதியாமல் இருப்பது தப்பிக்கும் வழியும் அல்ல. டெக்சாஸில் கல்லூரி மாணவர் விலக்குக் கேட்கலாம்.

எந்தப் பக்கம் சாய்வது

வீடும் கல்லூரியும் ஒரே மாநிலத்தில் இருந்தால் ஆளுநர், செனட்டர், அதிபர் ஓட்டில் வித்தியாசம் இல்லை. தொகுதியும் உள்ளூர்ப் பதவிகளும் மட்டுமே மாறும். அப்படிப்பட்டவர்கள் எங்கே நேரில் போக முடியுமோ அங்கே பதிவதே புத்திசாலித்தனம். டல்லாஸ் பக்கத்துப் பிள்ளை ஆஸ்டினில் படித்து, அக்டோபரில் ஒரு வார இறுதிக்கு வீட்டுக்கு வருமானால், டெக்சாஸின் முன்கூட்டிய வாக்குப்பதிவில் நேரிலேயே போட்டுவிடலாம். தபால் தொல்லையே வேண்டாம்.

வெளிமாநிலத்தில் படிப்பவர்க்கு என் அளவுகோல் ஒன்றுதான்: ஓட்டின் எடையைப் பிறகு பாருங்கள், சீட்டு பெட்டிக்குள் போய்ச் சேரும் வாய்ப்பை முதலில் பாருங்கள். வீட்டு மாநிலம் காரணம் கேட்டு, எண் கேட்டு, சாட்சி கேட்டு இழுத்தடிப்பதாக இருந்து, கல்லூரி மாநிலம் அன்றே பதியவிட்டால், கல்லூரிதான். ஃபிரிஸ்கோ–ஆன் ஆர்பர் கணக்கில் ஆன் ஆர்பர். வீடு கலிஃபோர்னியாவாக இருந்தால் கதை வேறு. அங்கே பதிந்த ஒவ்வொருவருக்கும் வாக்குச்சீட்டு தானாகவே தபாலில் வரும். கல்லூரி முகவரியைத் தபால் முகவரியாகக் கொடுத்தால் போதும். அந்தப் பிள்ளை மாணவர் அட்டையை ஏற்காத டென்னசியிலோ ஐடஹோவிலோ படித்தால் வீட்டு முகவரியே மேல். ஜார்ஜியாவில் மாநில அரசுக் கல்லூரியின் அட்டை செல்லும், தனியார் கல்லூரியின் அட்டை செல்லாது. அரிசோனாவில் குடியுரிமைச் சான்று காட்டாவிட்டால் கூட்டாட்சிப் பதவிகளுக்கு மட்டும் ஓட்டு. விடுதிக்குப் போகும்போதே பாஸ்போர்ட் நகலை எடுத்துப் போங்கள்.

தபால் வழியைத் தேர்ந்தால் உறைக்குள் வைப்பதிலும் மாநிலத்துக்கு மாநிலம் சடங்கு மாறும். பென்சில்வேனியாவில் உள்ளுறைக்குள் வைக்காத சீட்டு எண்ணப்படாது. விஸ்கான்சினில் ஒரு சாட்சி தன் முகவரியோடு கையெழுத்திட வேண்டும். வட கரோலினாவில் இரண்டு சாட்சிகள் அல்லது ஒரு நோட்டரி, கூடவே அடையாள அட்டை நகல். கையெழுத்தை ஒப்பிடும் மாநிலங்களில், பதினாறு வயதில் லைசென்ஸ் அலுவலகத்து மின்பலகையில் கிறுக்கியதுதான் கோப்பில் இருக்கும். அந்த லைசென்ஸை எடுத்துப் பார்த்து அதே மாதிரி போடுங்கள்.

தேர்தல் வரும் பருவத்தில் வெளிநாட்டில் படிப்பவர்க்கு, சென்னையில் ஆறு மாதம் என்றாலும், தனிப் பாதை இருக்கிறது. கூட்டாட்சித் தபால் அட்டை விண்ணப்பம் என்ற ஒரே படிவம் பதிவுக்கும் வாக்குச்சீட்டுக்கும் சேர்த்துப் போதும். சீட்டு 45 நாள் முன்பே அனுப்பப்பட வேண்டும், மின்னஞ்சலில் கேட்டும் வாங்கலாம். இதற்கு வீட்டு முகவரியே வசதி.

அக்டோபர் பாதி தாண்டியும் வாக்குச்சீட்டு வரவில்லையென்றால், கவுன்டியின் இணையப் பக்கத்தில் நிலையைப் பார்த்துவிட்டு, அன்றே தொலைபேசியில் கூப்பிடுங்கள். ரத்து செய்து வேறு சீட்டு அனுப்பச் சொல்லலாம். அனுப்பிய ஓட்டில் குறை இருப்பதாக அறிவிப்பு வந்தால் திருத்தப் பல மாநிலங்களில் சில நாள் அவகாசம் தருவார்கள். அதற்காகவே படிவத்தில் நீங்கள் தினமும் பார்க்கும் மின்னஞ்சலையும் கைப்பேசி எண்ணையும் எழுதுங்கள், அம்மாவுடையதை அல்ல. நேரில் போன இடத்தில் பட்டியலில் பெயர் இல்லையென்றால் திரும்பி வந்துவிடாதீர்கள். தற்காலிக வாக்குச்சீட்டு கேளுங்கள். 2002ஆம் ஆண்டுக் கூட்டாட்சிச் சட்டப்படி தர வேண்டும். பதிவே தேவையில்லாத வட டகோட்டாவிலும் வேறு சில மாநிலங்களிலும் நடைமுறை வேறு. தற்காலிக வாக்குச்சீட்டை வாங்கும்போது தரும் துண்டுச் சீட்டில் உங்கள் ஓட்டு எண்ணப்பட்டதா என்று பார்க்கும் வழி இருக்கும்.